உயிர் பிழைத்த பிறகு: தலைக்காயக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்த கதை



நம் காலாண்டு மடலின் வரலாற்றுப் பக்கத்தில் இதுவரை ஊர்ப் பெயர், ஏரி, பழைய ரயில் பாதை என்று படித்து வந்திருக்கிறோம். இந்த முறை பக்கத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துக்கு ஒரு புகார் வந்தது. "பி பிளாக்கில் ஒருவர் சாயங்காலம் விளையாடும் குழந்தைகளைப் பார்த்துக் கத்துகிறார். லிப்டில் தப்பான தளத்தில் இறங்கி மற்றவர் வீட்டுக் காலிங் பெல்லை அடிக்கிறார். நடையும் தள்ளாடுகிறது. குடித்திருப்பார் போலிருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒருவர் என் கணவர். அவர் குடிப்பதில்லை. 2015இல் பைக்கிலிருந்து விழுந்து, 19 நாள் நினைவில்லாமல் கிடந்து, பிழைத்து வந்தவர். ஹெல்மெட் அன்றைக்குப் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்தது.

புகார் எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்? கூடவே இருக்கிற எனக்கே விளங்க இரண்டு வருடம் ஆனது. டிஸ்சார்ஜ் அன்று, "கண்டம் தாண்டிவிட்டார், தைரியமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்கள். மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு என்னவெல்லாம் நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான், இதே நிலையில் உலகம் முழுக்க எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள் என்பதும், அவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்ததே ஒரு பெரிய வரலாறு என்பதும் தெரியவந்தது. அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கம்பி துளைத்த மேஸ்திரி

மருத்துவ மாணவர்கள் எல்லோரும் படிக்கிற கதையிலிருந்து தொடங்கலாம். 1848 செப்டம்பர் 13. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்ற ஊருக்கு அருகே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபினியஸ் கேஜ் என்ற 25 வயது மேஸ்திரி, பாறைத் துளைக்குள் வெடிமருந்தை இரும்புக் கம்பியால் இடித்து நிரப்பிக்கொண்டிருந்தபோது மருந்து வெடித்துவிட்டது. மூன்றரை அடி நீளமும் ஆறு கிலோ எடையும் கொண்ட அந்தக் கம்பி, இடது கன்னத்துக்குக் கீழே நுழைந்து தலையின் மேற்புறம் வழியாக வெளியே போய் விழுந்தது.

கேஜ் பிழைத்துக்கொண்டார். சில மாதங்களில் நடமாடினார், பேசினார். ஆனால் பொறுப்பும் நிதானமும் உள்ளவர் என்று பெயரெடுத்தவர், இப்போது எடுத்தெறிந்து பேசினார், ஒரு முடிவில் நிற்கவில்லை. பழைய கம்பெனி அவரை மேஸ்திரி வேலைக்குத் திரும்ப எடுக்கவில்லை. ஆள் முன்பு போல் இல்லை என்று நண்பர்கள் சொன்னதாக அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜான் ஹார்லோ எழுதி வைத்தார்.

இதன் பின்பாதியைப் பலரும் படிப்பதில்லை. கேஜ் பிறகு தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய், பல வருடங்கள் குதிரைக் கோச் வண்டி ஓட்டினார். தினமும் அதே வேலை, அதே பாதை, அதே ஒழுங்கு. அந்த ஒழுங்கே அவரை ஓரளவு தேற்றியிருக்கும் என்று இன்றைய ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள். உடம்பு முடியாமல் போனதும் கலிபோர்னியாவில் இருந்த தாயிடம் வந்து சேர்ந்தார். வலிப்பு கண்டு 1860இல் இறந்தார். அவருடைய மண்டையோடும் அந்தக் கம்பியும் இன்று பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடைசிக் காலத்தில் மகனைப் பார்த்துக்கொண்ட அந்த அம்மா என்ன பாடுபட்டார் என்று கேட்டு எழுதியவர் யாருமில்லை.

போர்கள் கற்றுக்கொடுத்தவை

தலையில் அடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் சேர்ந்தது உலகப் போர்களின்போதுதான். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் குர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற நரம்பியல் மருத்துவர், மூளையில் காயம்பட்ட சிப்பாய்களுக்கென்று ஒரு நிலையம் நடத்தினார். மருத்துவமனையோடு சோதனைக் கூடமும், தொழில் பழகும் பட்டறையும் அங்கே சேர்ந்திருந்தன. காயம் ஆறினால் போதாது, மனிதன் ஒரு வேலையில் உட்கார வேண்டும் என்பது அவர் கொள்கை.

இரண்டாம் உலகப் போரில் ஆக்ஸ்போர்டு நகரின் செயின்ட் ஹியூஸ் கல்லூரி, தலைக்காயங்களுக்கான ராணுவ மருத்துவமனையாக மாறியது. அங்கே பெரும் பங்கு வகித்தவர் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற அறுவை மருத்துவர். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தபோது, சிகிச்சைக்கு அழைக்கப்பட்ட டாக்டர்களில் இவரும் ஒருவர். அந்தச் சாவு அவரை உறுத்தியது. மோட்டார் சைக்கிளில் போகிறவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசம் ஏன் தேவை என்று 1941இல் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் ராணுவத்தின் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. பொதுமக்களுக்கு அங்கே அது கட்டாயமாக 1973 வரை ஆனது.

அதே போரில் சோவியத் தரப்பில் அலெக்சாண்டர் லூரியா என்ற உளவியலாளர், ஜசெட்ஸ்கி என்ற இளம் படைவீரரைச் சந்தித்தார். 1943இல் தலையில் குண்டு பாய்ந்தவர். எழுத முடிந்தது, எழுதியதை வாசிக்க முடியவில்லை. இருந்தும் ஒரு நாளைக்குச் சில வரிகள் என்று 25 வருடங்களில் சுமார் 3,000 பக்கம் தன் கதையை எழுதினார். மூளைக் காயத்தை உள்ளிருந்து சொன்ன சாட்சியமாக அதை லூரியா 1971இல் புத்தகமாக்கினார்.

போரில் காயம்பட்டவருக்குப் பக்கத்துக் கட்டிலில் அதேபோல் காயம்பட்ட இன்னொருவர் இருந்தார். பென்ஷனும் மரியாதையும் கிடைத்தன. ஆனால் சாலையில் விழுந்தவருக்கும் மாடிப்படியில் சறுக்கியவருக்கும் அப்படி யாருமில்லை. அவரவர் வீடு, அவரவர் கதவு, உள்ளே ஒரு மனைவி அல்லது ஓர் அம்மா.

பிழைத்தவர்கள் பெருகிய காலம்

1970களில் நிலைமை வேகமாக மாறியது. 1971 அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் முறையாக ஒரு நோயாளிக்குத் தலை சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மண்டையைத் திறக்காமலே உள்ளே எங்கே ரத்தம் கட்டியிருக்கிறது என்று பார்க்க வழி பிறந்தது. 1974இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள், நினைவிழந்தவரின் நிலையை எண்ணால் குறிக்கும் அளவுகோலை வெளியிட்டார்கள். ஐ.சி.யூ. வாசலில் காத்திருந்தவர்கள் "ஜி.சி.எஸ். எட்டு, ஒன்பது" என்று டாக்டர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். அது இதுதான். வென்டிலேட்டரும் விரைவான ஆம்புலன்சும் சேர்ந்துகொள்ள, முன்பு இறந்துபோயிருக்கக் கூடியவர்கள் பிழைத்து வீடு திரும்பினார்கள்.

அடுத்த வருடமே ஜென்னட், மைக்கேல் பாண்ட் என்ற மனநல மருத்துவருடன் சேர்ந்து இன்னோர் அளவுகோல் தந்தார். பிழைத்தவர் பிறகு எப்படி வாழ்கிறார் என்பதற்கான ஐந்து படிகள் அதில் இருந்தன. முதல் படி மரணம், கடைசிப் படி நல்ல தேர்ச்சி. இடையில் இருந்த படிகளில்தான் எங்களைப் போன்ற குடும்பங்களின் வாழ்க்கை இருந்தது.

அமெரிக்காவில் மியூரியல் லெசாக் என்ற நரம்பு உளவியலாளர் 1978இல் அந்தக் குடும்பங்களைப் பற்றி எழுதினார். குணம் மாறிப்போனவரின் மனைவி துக்கம் கொண்டாடவும் முடியாது, ஏனென்றால் கணவர் உயிரோடு இருக்கிறார். பழையபடி வாழவும் முடியாது, ஏனென்றால் அவர் பழைய ஆளாக இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம். கிளாஸ்கோவில் நீல் புரூக்ஸ் குழுவினர் உறவினர்களை ஐந்து வருடம் தொடர்ந்து கேட்டு 1986இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. நாளாக நாளாகக் குடும்பத்தின் பாரம் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். முதல் வருட முடிவில் இருந்ததைவிட ஐந்தாம் வருடத்தில் அது கூடியிருந்தது. கை கால் ஊனத்தைவிடக் குண மாற்றமே குடும்பத்தை அதிகம் வாட்டியது.

இதைப் படித்த அன்று எனக்கு ஆறுதலாக இருந்தது என்றால் விசித்திரமாகத் தோன்றும். ஐந்தாம் வருடத்தில் நான் ஏன் முன்னைவிடச் சோர்ந்து போயிருந்தேன் என்பதற்கு அப்போதுதான் விடை கிடைத்தது.

இரண்டு நாடுகள், ஒரே காலம்

மருத்துவம் உயிரைக் காப்பாற்றியது. "அப்புறம்?" என்ற கேள்வியைக் குடும்பங்கள்தான் உரக்கக் கேட்டன. கடலின் இரு கரைகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அது நடந்தது.

இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் 1979இல் சிலர் கூடினார்கள். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்தது 'ஹெட்வே' என்ற அமைப்பு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னேற்றம் என்று பொருள். தலை என்ற சொல்லும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஊர் ஊராகக் கிளைகள் முளைத்தன. பிறகு பகல் நேர மையங்கள் வந்தன. காலையில் அடிபட்டவர் அங்கே போய்ச் சமைப்பார், தோட்ட வேலை செய்வார், சீட்டாடுவார். அந்த நாலைந்து மணி நேரம் வீட்டில் இருப்பவர் மூச்சு விட்டுக்கொள்வார். இன்று பிரிட்டன் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்க் குழுக்கள் அதில் இருக்கின்றன.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊர். மர்லின் ஸ்பிவாக், மார்ட்டின் ஸ்பிவாக் தம்பதியின் பதின்வயது மகளுக்கு 1975இல் கார் விபத்தில் மூளையில் பலத்த காயம். மகள் பிழைத்தாள். பிறகு அவளை எங்கே சேர்ப்பது, யாரிடம் பயிற்சி தருவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 1980இல் தங்கள் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து அவர்கள் தொடங்கியதுதான் தேசியத் தலைக்காய அறக்கட்டளை. சத்தமில்லாமல் பரவும் கொள்ளைநோய் இது என்று அவர்கள் நாடு முழுக்கச் சொன்னார்கள். 16 வருடம் கழித்து, 1996 ஜூலையில், மூளைக் காயத்துக்கென்றே ஒரு சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். அந்த அறக்கட்டளை இன்று அமெரிக்க மூளைக் காயச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது.

ஒரு சுவையான செய்தி. இளவரசி டயானா பொது வாழ்விலிருந்து விலகிக்கொள்வதாக 1993 டிசம்பர் 3 அன்று கண்கலங்கப் பேசியது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் பேச்சு நடந்தது ஹெட்வே அமைப்பின் மதிய விருந்தில். அவர் அதன் புரவலர். மறுநாள் உலகப் பத்திரிகைகள் எல்லாம் டயானாவைப் பற்றி எழுதின. அது யாருக்கான கூட்டம் என்பது பலர் கண்ணில் படவில்லை. 24 வருடம் கழித்து, 2017இல், அவர் மகன் இளவரசர் ஹாரி அதே ஹெட்வேயின் அடையாள அட்டைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மூளைக் காயம் உள்ளவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அட்டை அது. "எனக்குப் பேச்சு குழறும், மறதி உண்டு, சத்தம் தாங்காது" என்று அவரவர் பிரச்சினை அதில் அச்சாகியிருக்கும். அது ஏன் தேவைப்பட்டது தெரியுமா? நடை தள்ளாடுவதையும் நாக்கு குழறுவதையும் பார்த்துப் போலீஸாரும் மற்றவர்களும் குடிபோதை என்று நினைத்துவிடுகிறார்கள். நம் சங்கத்துக்கு வந்த புகாரை நான் நினைத்துக்கொண்டேன்.

கூடி உட்கார்ந்தால் என்ன கிடைக்கும்?

ஆதரவுக் குழு என்றால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் முதல் குழு ஒரு பிசியோதெரபி வாசலில் போட்டிருந்த பெஞ்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா திடீரென்று கேட்டார்: "உங்க வீட்டுக்காரரும் சாப்பிட்டு முடிச்ச உடனே, இன்னும் சாப்பாடு போடலையான்னு கேப்பாரா?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் அதற்கெல்லாம் நேரம் ஒதுக்கவில்லை. "ஃப்ரிட்ஜ்ல ஒரு வெள்ளை போர்டு மாட்டும்மா. சாப்பிட்டா அவரையே டிக் பண்ணச் சொல்லு" என்றார். அந்த போர்டு இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அடுத்தடுத்துக் கற்றுக்கொண்டவை: நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அடிபட்டால் கோபத்துக்குத் தடை போடும் பிரேக் போய்விடுகிறது, அது திமிர் இல்லை. தனக்குக் குறை இருப்பதே தெரியாமல் போவதும் காயத்தின் ஒரு பகுதி. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பவரோடு வாதாடிப் பயனில்லை. ஒரு மணி நேர விருந்தாளிப் பேச்சு அவருக்கு ஒரு நாள் வேலைக்குச் சமமான களைப்பு. பல குரல்கள் ஒரே சமயத்தில் கேட்டால் மூளையால் பிரித்தெடுக்க முடிவதில்லை. அதனால்தான் சாயங்காலம் ஆறு மணி விளையாட்டுச் சத்தம் அவரைக் கத்த வைத்தது. வங்கிக் கையெழுத்து மாறிப்போனால் என்ன செய்வது, வலிப்பு வந்தால் எப்படிப் பக்கவாட்டில் படுக்க வைப்பது, பார்த்துக்கொள்பவர் மாதம் ஒரு நாளாவது யாரிடமாவது பொறுப்பை விட்டுவிட்டு வெளியே போக வேண்டும் என்பது. இவ்வளவையும் எனக்குச் சொன்னவர்கள் இதே வழியில் எனக்கு முன்னால் நடந்தவர்கள்.

நம் பக்கத்துக் கதை

மூளை அறுவை சிகிச்சையில் நம் மாநிலம் பின்தங்கியதில்லை. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைப் பிரிவை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கினார். அடுத்த ஆண்டு டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கினார். அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954இல் சாலை விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்யக் கற்றார், வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது அவரால்தான். பிழைத்த பிறகு என்ன என்பதைத் தன் உடம்பிலேயே கேட்டுக்கொண்டவர் கட்டிய இடம் அது.

2005இல் ஜோத்பூர் அரச குடும்பத்தின் இளவரசர் போலோ ஆட்டத்தில் குதிரையிலிருந்து விழுந்து கோமாவுக்குப் போனார். அவர் தந்தை கஜ் சிங், மகனுக்காக அலைந்த அனுபவத்தில் 2007இல் இந்தியத் தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார். அரண்மனை ஆனாலும் ஃப்ரேமிங்ஹாம் சமையலறை ஆனாலும் தொடக்கம் ஒன்றுதான்.

தமிழ்நாட்டில் 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்கிறது. அதே ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் தலைக்காயம் தனி வகையாக இல்லை. கை கால் முடக்கம், பேச்சுக் குறை என்று வேறொரு தலைப்பில்தான் சான்றிதழ் கேட்டு நிற்க வேண்டும். வெளியே எதுவும் தெரியாத மறதிக்கும் கோபத்துக்கும் அங்கே இடம் தேடுவது கடினம். 2022இல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 4,43,366 பேர் காயமடைந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. நாற்பத்தொன்பதாவது மணியிலிருந்து அவர்களுக்கு இருப்பது வீடும், அந்த வீட்டைச் சுற்றி இருக்கும் நாமும்தான்.

நம் குடியிருப்பில்

அந்தப் புகார் வந்தபோது நம் சங்கச் செயலாளர் நோட்டீஸ் அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து காபி குடித்தபடி, "என்னம்மா விஷயம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் எழுந்து போகும்போது, "எங்க அண்ணனுக்கும் இப்படித்தான், யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றார். எங்கள் குழு தொடங்கியது அன்றைக்குத்தான். இப்போது நம் குடியிருப்பிலிருந்தும் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் ஆறு குடும்பங்கள் வருகின்றன. அதில் இருவருக்குக் காரணம் பக்கவாதம். வீட்டுக்குள் நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் நாங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை.

சென்ற மாதம் என் கணவர் மறுபடியும் மூன்றாவது தளத்தில் இறங்கிவிட்டார். கதவைத் திறந்தவர், "சார், உங்க வீடு நாலாவது. வாங்க, நானும் மேலதான் போறேன்" என்று கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். அன்று புகார் எழுதியவர் அவர்தான். பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

மற்றவர்களிடமும் எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான். யாராவது தளம் மாறி வந்தால் பெயரைச் சொல்லி வழிகாட்டுங்கள். பேச நேரமெடுத்தால் வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காமல் காத்திருங்கள். அடிபட்டவரின் நலத்தை விசாரிக்கும்போது, பார்த்துக்கொள்கிறவரிடமும் "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பைக்கில் போகும் பிள்ளைகளிடம், ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிப் பட்டையைப் போட்ட பிறகு கேட்டைத் தாண்டச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 11.30 வரை கிளப் ஹவுஸ் சின்ன அறையில் கூடுகிறோம். பெயர் பதிய வேண்டாம், கட்டணம் இல்லை. அடிபட்டவரையும் அழைத்து வரலாம், தனியாகவும் வரலாம். பேச விருப்பமில்லாவிட்டால் சும்மா உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகலாம். முதல் மூன்று மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

– பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்